கடைசற்பொறி

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் நம் மொழியிற் சொல் ஒன்றே. வகுப்பில் ஆசிரியர் இதனை எடுத்துரைத்த அன்று யான் என் தந்தையாரை நினைந்தேன். அவர் கடைசற்றொழிலாளர். அவர்தம் பாட்டனாரின் பட்டறையில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மரம் மத்தினைப் போல முன்னும் பின்னும் சுழலுமாம். ஒரு திசையிற் சுழலும்போது மட்டுமே உளி மரத்தைச் சீவும். இன்றோ மோட்டார் ஒரே திசையில் ஓயாது சுழற்றுகின்றது.

சென்ற கோடை விடுமுறையில், 20 அங்குல அகலமுள்ள வாகைக் கட்டையொன்றை எங்கள் பழைய பொறியில் ஏற்றினேன். வாரை மெதுவான கப்பிக்கு மாற்ற மறந்தேன். 5 அங்குலத் தடியை நிமிடத்திற்கு 2,000 முறை சுழற்றினால் அதன் விளிம்பு எத்துணை விரைவில் ஓடுமோ, அத்துணை விரைவில் 20 அங்குலக் கட்டையின் விளிம்பு 500 சுற்றிலேயே ஓடும். அஃது ஏறக்குறைய நிமிடத்திற்கு 2,600 அடி. யான் விட்டிருந்த வேகமோ அதனினும் மிகுதி. கட்டை துள்ளி எழுந்தது. என்னைத் தள்ளிவிட்ட தந்தையாரின் இடக்கையில் வீழ்ந்தது. எலும்பு முறிந்தது. மூன்று மாதம் பட்டறை மூடிக் கிடந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

புதிய பெரும்பொறி வாங்கத் துணிந்தபோது, ஆராயும் பணியை அவர் என்னிடமே ஒப்புவித்தார். முதலில் அயல்நாட்டுப் பொறிகளைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் பவர்மாட்டிக் 3520 வார்ப்பிரும்பால் ஆயது. 20 அங்குலக் கட்டையை ஏற்கும். மரத்தைப் பற்றிச் சுழற்றும் தலைப்பகுதி அதில் நகரும். அதனைத் தளத்தின் கோடிக்குக் கொணர்ந்தால், முதுகு வளையாமல் நின்று கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையலாம். கனடாவின் ஒன்வே 2436 பொறிக்குத் தடித்த எஃகுக் குழாயே தளம்; அது 24 அங்குலம் ஏற்கும். அதன் தலைப்பகுதி நகராது. ஆயின் மறுபக்கத்திலும் கட்டையைப் பூட்டலாம். அமெரிக்காவின் ரோபஸ்ட் பொறியில் தளத்தின் மேற்புறம் துருவேறா எஃகு. எங்கள் கடற்கரைக் காற்றுக்கு அதுவே ஏற்றது. விலையோ எங்கட்கு எட்டாக் கனி!

உள்நாட்டிற் கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்று 30 அங்குலம் ஏற்பது. மெல்லிய தகட்டுக் கால்களையுடையது. மற்றது 22 அங்குலமே ஏற்பது, கனத்த வார்ப்பிரும்பு. இதன் வேகத்தைச் சுழியிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தலாம். மின்கருவியால் மட்டும் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் திறனும் தளரும் ஆதலின், கப்பிகளும் இதில் இருந்தன. அகலத்தில் மயங்கிய யான் முதலதையே விரும்பினேன்.

தந்தையார் மறுமொழி கூறாது, ஓடும் பொறியின்மேல் ஒரு குவளை நீரை வைத்தார். முதலதில் நீர் தளும்பிச் சிந்தியது. இரண்டாவதில் வட்டவட்டமாய் நடுங்கியதேயன்றிச் சிந்தவில்லை.

“தம்பி, எவ்வளவு பெரிய மரத்தை ஏற்றலாம் என்று பார்த்தாய், ஏற்றிய மரத்தை அடக்குவது எது என்று பார்க்கவில்லையே!” என்றார்.

இரண்டாவதையே வாங்கினோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் ஒரு வாகைக் கட்டையை ஏற்றினேன். வேகத்தைச் சுழியில் வைத்து, கட்டையைக் கையால் ஒருமுறை சுழற்றி, எதிரே நில்லாது ஒதுங்கி நின்று பொத்தானை அழுத்தினேன். தந்தையார் திண்ணையிற் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பொறியின் ஒலி கேட்டும் அவர் எழுந்து வரவில்லை.