ஏறவும் தெரியணும், பிடிக்கவும் தெரியணும்

பொங்கல் கழிந்த வாரத்தில் அரியலூரின் செந்துறை, ஆண்டிமடம் பக்கம் போனால் ஏதாவது ஓர் ஊரில் கபடிப் போட்டி நடந்துகொண்டிருக்கும். முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துக் கோடு போட்ட களம். பெரம்பலூரின் குன்னம், வேப்பந்தட்டைப் பக்கமிருந்தும் வேன் பிடித்து அணிகள் வரும். 2007இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமாகிவிட்டது. கபடிக்காரர்களுக்குப் பெரம்பலூரும் அரியலூரும் இன்னும் ஒரே மாவட்டம்தான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவே கிடைக்கும் நேரத்தில் பெரிய பேச்சு ஒன்று ஓடும்: இந்திய அணிக்கு ஆடியவர்களில் முழு ஆட்டக்காரர் யார், மஞ்சித் சில்லரா, தீபக் ஹூடாவா?

"ஏறிப்போய்த் தொட்டுட்டு வர்றவன்தான்டா ஆட்டக்காரன்" என்பார் பெரியவர் ஒருவர். "பிடிக்க ஆளில்லன்னா நீ தொட்டு வந்த புள்ளி எங்க நிக்கும் மாமா?" என்று பதில் வரும். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மஞ்சித் டெல்லியின் நிஜாம்பூர்க்காரர். தீபக் ரோத்தக் பக்கம் சமாரியா. 2016இல் புரோ கபடி லீக்கின் புனேரி பல்தான் அணியில் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். அதே ஆண்டு அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய அணியிலும் இருவரும் இருந்தார்கள். ஆல்ரவுண்டர் என்ற பெயர் இருவருக்கும் உண்டு. ஆனால் வந்த வழி வேறு. தீபக் முதலில் ஏறிப்போகும் ரைடர், அதன் பிறகுதான் பிடிகாரர். நீண்ட கை, ஓட்டத்திலேயே தொட்டுத் திரும்பும் வேகம். புரோ கபடியில் ரைடில் மட்டும் அவர் எடுத்தது 1,000 புள்ளிக்கு மேல். மஞ்சித் பிடிகாரர்களில் கவர் இடத்தில் நிற்பவர். எதிராளி திரும்பும் நொடிக்காகக் காத்திருந்து நெஞ்சால் மறிப்பார். கால் கிடைத்தால் விடமாட்டார். புரோ கபடியில் டேக்கிளில், அதாவது பிடியில், 300 புள்ளியை முதலில் எட்டியவர் அவர்தான். 2019இல் அதை எட்டியபோது அவர் தமிழ் தலைவாஸ் சட்டையில் இருந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்த ஆண்டு தலைவாஸ் கடைசி இடத்துக்குப் போனது வேறு வருத்தம்.

எண்ணிக்கையை வைத்து இந்தப் பேச்சைத் தீர்க்க முடியாது என்பது என் எண்ணம். நான் பார்ப்பது ஒரே ஒரு நிலைமையை. ஏழு பேரில் நான்கு பேர் வெளியே போய், மூன்று பேர் மட்டும் களத்தில் மிஞ்சும் நேரம். ஆல் அவுட் தலைக்கு மேல் நிற்கிறது. இப்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அடுத்த முப்பது நொடியில் நம் ஆள் ஒருவர் ஏறியாக வேண்டும். முந்தைய இரண்டு ரைடும் வெறுமனே போயிருந்தால் இது வாழ்வா சாவா என்கிற மூன்றாவது ரைடு. புள்ளி இல்லாமல் திரும்பினால் அவுட். அந்த நேரத்தில் பிடித்த மூச்சோடு எழுந்து ஏறிப்போகும் ஆள்தான் முழு ஆட்டக்காரர். இதில் நான் மஞ்சித் பக்கம். ரைடரான தீபக் பிடிக்க இறங்குவது பெரும்பாலும் பக்கத்து ஆளுக்குத் துணையாக. மஞ்சித்தோ பிடியைத் தானே தொடங்குவார், ரைடுக்கும் அஞ்சமாட்டார். 2015இல் பெங்களூரு புல்ஸை இறுதிவரை கொண்டுபோனது இந்த இரட்டைத் திறமைதான். தீபக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க ரைடுச் சுமையைத் தாங்க ஓர் ஆள் வேண்டுமென்றால் தீபக்கைத்தான் கேட்பேன்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே வழக்கு உண்டு. பந்தோடு நழுவி ஓடுவதில் பாரி சாண்டர்ஸ் என்ற ஆட்டக்காரருக்கு இணையில்லை என்பார்கள். வால்டர் பேட்டன் என்ற இன்னொருவரோ ஓடுவார், பந்தைப் பிடிப்பார், எறிவார், கூட்டாளி ஓடுவதற்காக எதிரியை மோதி மறிக்கவும் செய்வார்.

எங்கள் மண் களத்தில் எல்லோருமே இரண்டும் செய்தாக வேண்டும். ஊர் அணியில் மாற்று ஆள் குறைவு. இருக்கிற ஏழு பேர்தான் ஏறுவதும் பிடிப்பதும். மேட் விரித்த களத்துக்குப் போன பிறகுதான் ரைடர், கார்னர், கவர் என்று பிரிக்கிறார்கள். இப்போது அந்தப் பிரிவினை பள்ளி அணிகளுக்கும் வந்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பையனைப் பார்த்து "நீ கார்னர் மட்டும் நில்லு" என்கிறார்கள். அந்தப் பையன் ஏறிப் பாடினால் எப்படி இருப்பான் என்று யாரும் பார்க்கவில்லை.

பெரம்பலூர், அரியலூர் பயிற்சியாளர் அண்ணன்களிடம் ஒரு வேண்டுகோள்: பதினாறு வயது வரையாவது பிள்ளைகளை இரண்டையும் ஆடவிடுங்கள்.