கயிற்றுப் பாலத்திற்கு அப்பால்

அயர்லாந்துத் தீவின் வடகரையில் பாலின்டாய் என்றொரு சிற்றூர் உண்டு. அதனை அடுத்து, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றன் அருகிலிருந்து கடலோரமாக ஒரு நடைபாதை கிழக்கு நோக்கிச் செல்கின்றது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். இடப்புறம் கடல்; வலப்புறம் பசும்புல் சரிவு. வானம் தெளிந்த நாளில் ராத்லின் தீவும், அதற்கப்பால் ஸ்காட்லாந்தின் மலைகளும் கண்ணுக்குப் புலனாகும்.

பாதை ஒரு பாறை விளிம்பில் முடிகின்றது. எதிரே கேரிக்-அ-ரீட் என்னும் சிறு தீவு. இடையில் 20 மீட்டர் அகலப் பிளவு. 30 மீட்டர் ஆழத்தில் அலைகள் மோதுகின்றன. அப்பிளவின் குறுக்கே தொங்குவதுதான் புகழ்பெற்ற கயிற்றுப் பாலம். நேரம் குறித்த சீட்டுடன் வரிசையில் நிற்பவர்கள் தம் துணிவைச் சோதிக்கவே வருகின்றனர். அக்கரை சென்றபின் திரும்பி வர அஞ்சிப் படகில் கொண்டுவரப்பட்டோரும் உண்டாம்! நல்ல வேடிக்கைதான். ஆனால் பாலம் வேடிக்கைக்காகப் பிறந்ததன்று.

சால்மன் மீன் ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றையே நாடித் திரும்பும் இயல்பினது. புஷ், பான் ஆகிய ஆறுகளை நோக்கி இக்கரையோரமாக மேற்கே செல்லும் மீன் கூட்டத்தை இச்சிறு தீவு வழிமறிக்கின்றது. மீன்கள் வடக்கே வளைந்து தீவைச் சுற்றிச் செல்லவேண்டும். அங்கே வலை காத்திருந்தது. ‘வழியில் நிற்கும் பாறை’ என்று சிலரும், ‘வலை வீசும் பாறை’ என்று சிலரும் இத்தீவின் பெயருக்குப் பொருள் கூறுவர். இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன.

1755ஆம் ஆண்டளவில் மீனவர் முதல் பாலத்தை அமைத்தனர் என்பர். ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் கட்டுவதும், பருவம் முடிந்ததும் அவிழ்ப்பதும் அவர்தம் வழக்கம். பற்றிக்கொள்ள ஒரே ஒரு கயிறு. அடியிலே இடைவெளி விட்ட பலகைகள். இன்றைய உறுதியான கம்பிக் கயிற்றைப் பற்றி நடுங்குவோர், அன்றைய மீனவனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அவனுக்கு அது வேலைக்குப் போகும் வழி, அவ்வளவே.

1960களில் ஒரே நாளில் 300 மீன்கள்வரை இங்கே அகப்பட்டன. 2002இல் பருவம் முழுவதற்கும் சேர்த்தே 300 மீன்கள்தாம்! அவ்வாண்டோடு வலைகள் ஓய்ந்தன. பழி வலைமேல் மட்டும் சுமத்தத்தக்கதன்று. புஷ் ஆற்றிலிருந்து கடலுக்குச் சென்ற இளமீன்களில் நூற்றுக்கு முப்பதளவு ஒருகாலத்தில் பிழைத்துத் திரும்பின. 1990களின் பிற்பகுதிக்குப் பின் பத்துகூடத் திரும்புவதில்லை என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். தொலைக்கடலில் நிகழும் இழப்பு அது; கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியாதது.

பாலத்தைக் கடந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கின்றனர், கடற்பறவைகளைக் காண்கின்றனர், திரும்பிவிடுகின்றனர். பாறையின் அரவணைப்பில் வெள்ளையடித்த சிறு குடில் ஒன்று நிற்பதைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. மீனவர் பயன்படுத்திய குடில் அது. பாலத்திற்குக் காரணமே அக்குடிலும் அதன் முன்னுள்ள நீர்ப்பரப்பும்தாம். எஞ்சியிருக்கும் சில சால்மன்கள் கோடையில் இன்றும் அவ்வழியே வந்து, தீவை வளைத்து, புஷ் ஆற்றை நோக்கிச் செல்கின்றன. பாலத்தின் மேல் நிற்போர் அடுத்த பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.