மூன்றாவது இடம்

சைக்கிள் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கும்பகோணத்து வாடகைச் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேர வாடகை முடிவதற்குள் மகாமகக் குளத்தை எத்தனை தடவை சுற்றலாம் என்பதுதான் எங்களுக்குப் பந்தயம். அப்படிப்பட்டவன் 55-வது வயதில், கலிபோர்னியாவில், தலையில் கவசமும் ஹாண்டில் பாரில் எண் அட்டையுமாக மலைச் சைக்கிள் பந்தயத்தில் போய் நின்றேன் என்றால், அதற்கு என் தமக்கையின் மகன்தான் பொறுப்பு. அவனோடு சில மாதங்கள் தங்கலாமென்று போயிருந்தேன். தன் பழைய வண்டியை எனக்குக் கொடுத்துப் பழகச் சொன்னான். நானும் நாலு மாதம் பழகினேன். பழகினேன் என்பது கொஞ்சம் மிகை. மழை நாட்களில் ஜன்னலருகே உட்கார்ந்து மழையைப் பார்த்தேன்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், 1976-ல் மண்பாதையில் கீழே விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். ஒரு முறை இறங்குவதற்குள் பின்சக்கர பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து போய்விடும். புதிதாகத் திணிக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபதே வருஷத்தில், 1996-ல், அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் க்ராஸ் கண்ட்ரி பந்தயம் இடம் பிடித்துவிட்டது. க்ராஸ் கண்ட்ரி என்றால் இறங்கினால் மட்டும் போதாது, ஏறவும் வேண்டும். ஏற்றத்தைச் சேர்த்த புண்ணியவானை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் பந்தயம் 2019-ம் வருஷம் பிப்ரவரிக் கடைசியில், மாண்டரே விரிகுடாவுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் ஆர்டு என்ற இடத்தில் நடந்தது. 1994 வரையில் அது ராணுவ முகாம். 2012-ல் தேசியச் சின்னமாக்கிவிட்டார்கள். மணற்பாங்கான குன்றுகள், கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஓக் மரங்கள், மழையில் பச்சை பிடித்த புல்வெளிகள். பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாக ஒரு செடி இருக்கும். உரசினால் ஒரு வாரம் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

"மாமா, முதல் அரை மைலை விட்டுடாதீங்க. அப்புறம் ஒத்தையடிப் பாதை. முன்னாலே போறவனைத் தாண்ட முடியாது" என்றான் மருமகன். மணலுக்காக டயரில் காற்றை 20 பவுண்டுக்கு இறக்கி வைத்தான்.

என் வயதுப் பிரிவில் ஏழே பேர். விசில் ஊதியதும் எல்லோரும் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவதுபோல் ஓடினார்கள். பருவத்தின் முதல் பந்தயத்தில் இது ஒரு தொல்லை. குளிர்காலத்தில் சாப்பிட்டதெல்லாம் உடம்பிலேயே இருக்கிறது. மனசு மட்டும் போன வருஷத்து வேகத்தை நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் போன வருஷம் என்று ஒன்று கிடையாது, ஆனாலும் ஓடினேன். அரை மைலில் நெஞ்சு உலைத்துருத்தியாகிவிட்டது. ஒற்றையடிப் பாதையில் ஐந்தாவதாக நுழைந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிவப்புச் சட்டைக்காரர். ஒரு சுற்று முழுவதும் அந்தச் சிவப்பு முதுகைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்றில் அந்த முதுகும் மறைந்தது. தலையைக் குனிந்து முன்சக்கரத்தையே பார்த்தபடி மிதித்தேன். நிமிர்ந்தபோது எதிரே முள்வேலி. வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், உள்ளே வராதே என்று ஒரு பலகை. முதல் சுற்றில் இந்தப் பலகையை நான் பார்த்ததாக ஞாபகமில்லை. வேலியோரமாகவே போய் ஒரு அகலமான பாதையில் இறங்கினேன். சற்றுத் தூரத்தில் பந்தய நாடா தெரிந்தது. அப்பாடா என்று சேர்ந்துகொண்டேன்.

பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. திரும்பினால் சிவப்புச் சட்டை!

முன்னால் போனவர் பின்னால் வருகிறார். இதற்கு அர்த்தம் என்ன என்பதைப் புரிந்துகொள்ளக் கணிதப் புலமை வேண்டியதில்லை. வழி தவறியவன் தவறிய இடத்துக்கே திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. திரும்பவில்லை. இன்னும் மூன்று மைல் இருந்தது. மூன்று மைலும் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு போனேன். நாடா காற்றில் அறுந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை, ஏழு பேர் பந்தயத்தில் என்ன கெட்டுப் போயிற்று? வழியில் ஒருவர் பஞ்சராகி உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினேன்.

மருமகன் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். பதக்கத்துக்கு முன்பே படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியும்விட்டான். சிவப்புச் சட்டைக்காரர் நாலாவதாக வந்து, நேரே என்னிடம் வந்து கை கொடுத்தார். "என்னை எங்கே தாண்டினீர்கள்? கவனிக்கவே இல்லையே!" என்றார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. வியப்புத்தான் இருந்தது.

அவர் மட்டும் அப்படிக் கேட்டிராவிட்டால் நான் நடுவரின் கூடாரத்துக்குப் போயிருப்பேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. போனேன். முள்வேலியையும் பலகையையும் பற்றிச் சொன்னேன். நடுவர் தலையாட்டிவிட்டு, பென்சிலால் என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். கோடு நேராக இருந்தது.

காரில் மருமகன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு நீங்களே சொல்லிடுங்க, மாமா" என்றான்.

கும்பகோணத்தில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. விடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். நடுவரிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் அக்காவே கூப்பிட்டுவிட்டாள்.

"மூணாவதா வந்தியாமே! எழுந்த உடனே படத்தைப் பார்த்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாச்சு!"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி, அந்தத் தேங்காயைச் சட்னிக்கு அரைச்சாச்சு. நீ விழுந்து கிழுந்து வைக்கலையே?" என்றாள்.