இருட்டும் சேதக் கணக்கில் சேரும்

செட்டிநாட்டில், காரைக்குடியைச் சுற்றி கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் பூட்டிய வீடுகள் கண்ணில் படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1940கள் வரை, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் கட்டியவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பெரும் வருமானம் அறுந்தது. பிறகு வந்த தலைமுறைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டன. சில வீடுகள் விடுதியாயின. சில, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கின்றன. சில இடிந்துகொண்டிருக்கின்றன. இந்தக் கடைசி வகை வீடுகளுக்குள் போய்ப் படமெடுப்பவர்களில் பலர் ட்ரைபாட் கொண்டுபோவதில்லை. அதை வேறு வழியில்லாமல் செய்யும் அரைகுறை வேலையாகவே பலரும் எண்ணுகிறார்கள். அந்த வீடுகளையும் அந்த வேலையையும் பக்கத்தில் இருந்து கவனித்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. கைவிடப்பட்ட வீட்டின் இருட்டும் அதன் சேதத்தில் ஒரு பகுதிதான். கையில் பிடித்து எடுப்பவரால் அந்த இருட்டைக் கவனிக்காமல் தாண்டிப்போக முடியாது.

வீட்டின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. வாசல்கள் நேர்கோட்டில் இருப்பதால் தலைவாசலில் நின்றால் பின்கட்டுவரை பார்வை ஓடும். வெளிச்சத்துக்கு முதல் ஆதாரம் வளவின் நடுவிலுள்ள திறந்த முற்றம். அங்கே இறங்கும் வெயில் சுற்றுப் பத்திகளில் பரவி, அறைகளுக்குள் போகப் போக மங்கும். மங்குகிற வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும் வேலையைச் சுவரும் தரையும் செய்தன. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து, பளபளக்கும்வரை இழைத்த பூச்சு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல். ஆள் இல்லாத வீட்டில் இவைதான் முதலில் கெடுகின்றன. ஓட்டு வழியாக மழைநீர் இறங்கிப் பூச்சில் பாசி படிகிறது, வௌவால் எச்சம் தரையை மூடுகிறது, முற்றத்தில் முளைத்த செடி வெயிலை மறைக்கிறது. வெளியே அதே வெயில்தான் அடிக்கிறது. உள்ளறை மட்டும் வருடத்துக்கு வருடம் கறுத்துக்கொண்டு வருகிறது. விரிசலையும் உளுத்த உத்தரத்தையும் ஆவணமாக்குகிறவர்கள் இந்தக் கறுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

இருட்டில் கேமராவைக் கையில் பிடிப்பது கணக்கும் உடற்பயிற்சியும் கலந்த வேலை. உள்ளறையின் வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. 100இல், அபெர்ச்சர் எஃப் 2.8இல், ஷட்டர் ஒரு விநாடி திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்கினால் அது 1/16 விநாடியாகக் குறையும். லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவோ அதைக் கீழே போட்ட பின்னத்தைவிட ஷட்டர் மெதுவாகக் கூடாது என்பது பழைய விதி, 24 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறக்குறைய 1/25. மிச்சமிருக்கும் சிறு இடைவெளியை உடம்பு நிரப்ப வேண்டும். முழங்கை விலாவில் ஒட்டியிருக்கும். தோள், தட்டிப் பார்த்து உறுதி தெரிந்த தூணில் சாய்ந்திருக்கும். மூச்சு வெளியேறி முடிகிற கணத்தில் விரல் அழுத்தும். அதிலும் நாலைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுப்பார்கள். பட்டனை அழுத்தும் அசைவு முதல் படத்திலும், விரலை எடுக்கும் அசைவு கடைசிப் படத்திலும் சேரும் என்பதால் நடுவிலுள்ளதே பெரும்பாலும் தெளிவாக வரும். ஜன்னல் கட்டை, திண்ணை, தரையில் வைத்த பை எல்லாமே தாங்கலாகும். கேமராவுக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி இப்போது பரவலாகிவிட்டது. ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. எதுவும் அசையாத காலி வீட்டிலோ அது முழுப் பலனையும் தருகிறது.

இந்த முறையை எதிர்ப்பவர்கள் சொல்லும் முதல் குறை, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் படத்தில் ‘கிரெய்ன்ஸ்’ எனும் புள்ளிகள் வரும், ஆழம் முழுவதும் தெளிவாக இருக்காது என்பது. ஆழத்தைப் பற்றிய கவலை மிகையானது. முழு அளவு சென்சாரில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் வைத்து நான்கு மீட்டரில் குவித்தால், சுமார் இரண்டரை மீட்டர் முதல் ஒன்பதரை மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். ஓர் அறைக்கு அது தாராளம். புள்ளி விழுவது உண்மைதான். ஆனால் அது எங்கே விழுகிறது? வெளிச்சம் எட்டாத மூலையில். பார்ப்பவருக்கு அந்த மூலை எவ்வளவு இருட்டு என்று சொல்லும் தடயம் அது. அங்கே தேக்கு நிலையின் செதுக்கல் கட்டாயம் தெரிய வேண்டுமென்றால், கதவைத் திறக்கும் வேளைக்கோ வெயில் சாயும் நேரத்துக்கோ காத்திருக்கலாம். காத்திருக்கும்போது, வீட்டுக்குள் வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் சேர்ந்தன. அப்படிப்பட்ட மரபுக்கு அளவு பிசகாத பதிவு தேவை, அதற்கு அசையாத கேமரா தேவை என்கிறார்கள். முழுக்க ஏற்கிறேன். தூணின் உயரத்தையும் கூரை ஓவியத்தின் நிறத்தையும் பதிவதற்கு ட்ரைபாடே சரி. என் மறுப்பு ட்ரைபாடோடு ஒட்டி வந்துவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றியது. கேமரா அசையாது என்பதால் ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து, கணினியில் ஒன்றாக்கி, முற்றத்தையும் மூலையையும் ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தில் செதுக்கல் தெரியும். முற்றத்திலிருந்து மூலைவரை வெளிச்சம் படிப்படியாக இறங்கிய விதம் அழிந்துவிடும். அந்த இறக்கத்தை நினைத்துக் கட்டப்பட்ட வீட்டுக்கு அது அளவுப் பிழைக்குச் சமமான பிழை.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் இருக்கிறது. கைவிட்ட வீடு என்று நாம் சொன்னாலும் அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அநேகமாகப் பல பங்காளிகள்; அதனால்தான் பழுதுபார்க்கவும் விற்கவும் முடிவெடுக்க முடியாமல் வீடு நிற்கிறது. சாவி வைத்திருக்கும் காவலாளிக்கு அவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. பழைய கதவும் தூணும் காரைக்குடிக் கடைகளில் விலைக்குப் போகிற ஊரில், கருவிகளைப் பரப்பிக்கொண்டு நெடுநேரம் இருப்பவரை அவர் சந்தேகப்பட்டால் அது தப்பில்லை. கூரையை நம்ப முடியாத அறையில் குறைந்த நேரம் நிற்பது உயிருக்கும் நல்லது. கேமராவில் கண் இருக்கும்போது கால் நகரக் கூடாது என்பதும், வௌவால் அடைந்த அறைக்கு மூக்கைக் கட்டாமல் போகக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது என்பதும் இந்த வேலையின் எழுதாத விதிகள்.

செல்போனே இருட்டைப் பகலாக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இன்னொரு கேள்வி வரும். பல படங்களை அடுக்கிச் சராசரி எடுத்து அது புள்ளிகளைக் குறைக்கிறது. நான்கு படங்களை அடுக்கினால் புள்ளி பாதியாகும். கையில் பிடித்து எடுத்தும் பொய் சொல்லலாம் என்பதற்கு அதுவே சான்று. முறை மட்டும் யாரையும் நேர்மையாளராக்காது. ஆனால் ஒரே திறப்பில் எடுத்த படத்துக்குள் ஷட்டர், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் எண்களாகப் பதிந்திருக்கின்றன. மூலக் கோப்போடு சேர்த்து அவற்றைப் பார்த்தால் அந்த அறையில் அன்று எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று தோராயமாகக் கணக்கிடலாம். அதே அறையை அதே வேளையில் சில வருடம் கழித்து எடுத்தால், வீடு எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதையும் ஒப்பிடலாம். பல படங்களை ஒட்டிச் செய்த படத்திலிருந்து அந்தக் கணக்கை மீட்க முடியாது. ஆகவே இந்த வீடுகளைப் பதிவு செய்பவர்கள் அளவுப் பதிவுக்கு ட்ரைபாட் படம் எடுக்கட்டும். அதோடு அறைக்கு ஒன்றாக, கையில் பிடித்து ஒரே திறப்பில் எடுத்த படத்தையும் திருத்தாமல் சேர்த்து வைக்கட்டும். இடிந்த வீட்டை மறுபடி கட்டுபவர்களுக்குத் தூணின் உயரம் வரைபடத்தில் கிடைத்துவிடும். தூணில் வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்பதற்கு இந்தப் படங்கள் மட்டுமே ஆதாரமாக இருக்கும்.