ஒரே குளிசை, ஏன் வேறு வேறு விலை?



சீனி வருத்தம் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. அரசாங்க கிளினிக்கில் மெட்போமின் இலவசம். அங்கே முடிந்துவிட்டால் துண்டோடு பாமசிக்குப் போகிறோம். ஒரு பாமசியில் ஒரு விலை, அடுத்ததில் இன்னொரு விலை. ஏன்?

மெட்போமின் 1957இல் பிரான்ஸில் பாவனைக்கு வந்த பழைய மருந்து. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று பல கம்பனிகள் பல பெயர்களில் செய்கின்றன. மருந்து ஒன்றுதான், பெட்டியிலுள்ள பெயருக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். மெல்லக் கரையும் வகை என்றால் விலை இன்னும் கூடும்.

அடுத்தது டொலர். நமது மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. மருந்து விலையும் கூடவே ஏறியது.

பேராசிரியர் சேனக பிபிலே இதையெல்லாம் அன்றே யோசித்தவர். அவரது முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம், கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரைச் சொல்லி மொத்தமாக விலைமனு கோரியது. விலை இறங்கியது.

நாமும் பாமசியில் கூச்சப்படாமல் கேட்போம்: "இதே மருந்து விலை குறைவாக வேறு பெயரில் இருக்கா?" ஒசுசலவிலும் விசாரிப்போம். ஆனால் சாதாரண வகையையும் மெல்லக் கரையும் வகையையும் டொக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

காசுக்குப் பயந்து உம்மாவும் வாப்பாவும் இரண்டு குளிசையை ஒன்றாகக் குறைப்பது பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாமலே நடக்கிறது. இன்றைக்கு ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.

அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் ஷிஃபாவைத் தருவானாக.