இலையைச் சொல்லுங்க... பட்டைச் சொல்றோம்!

செமஸ்டர் லீவுக்கு எங்கே போகலாம்னு ஹாஸ்டல் ரூமில் மாநாடு நடக்குதா? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போரடிச்சாச்சா? ரெண்டு நாள் ரயிலில் உட்காரத் தெம்பு இருந்தா, அஸ்ஸாமுக்கு டிக்கெட் போடுங்க பாஸ்!

கவுகாத்தியில் இறங்கி சுமார் 35 கிலோமீட்டர் போனால், பிரம்மபுத்திராவின் வடகரையில் சுவால்குச்சி. தெருவுக்குள் நுழைந்ததுமே 'டக்... டக்...'னு தறிச் சத்தம் காதை நிறைக்கும். அஸ்ஸாமின் காஞ்சிபுரம்னு வெச்சுக்கங்களேன்!

கடைக்காரர் மூணு வகைப் பட்டை விரிப்பார். வெள்ளைவெளேர்னு 'பாட்'. தங்க நிறத்தில் 'மூகா'. தொட்டால் கதகதப்பா இருக்கிற 'எரி'. மூணுக்கும் புழு வேற, மெனுவும் வேற!

பாட் தரும் புழுவுக்கு மல்பெரி இலை மட்டும்தான் சாப்பாடு. குட்டியா இருக்கும்போது தளிர் இலை கொடுக்கணும். வளர வளர முற்றின இலை. வாழ்நாளில் தின்பதில் ஐந்தில் நாலு பங்கை, கூடு கட்டுவதற்கு முந்தின கடைசிப் பருவத்தில்தான் காலி பண்ணும். பட்டு நூல் என்பதே புரோட்டீன்தானே! அந்தச் சமயத்தில் வாடின இலை, சத்தில்லாத இலை கிடைச்சா கூடு சின்னதாகும், நூலும் குறையும்.

எரிப் புழுவுக்கு நம்ம ஊர் ஆமணக்கு இலைன்னா உயிர். மரவள்ளி இலையும் தின்னும். அதன் கூட்டில் ஒரு பக்கம் வாசல் திறந்தே இருக்கும். அதனால் ஒரே நீள இழையா உருவ முடியாது. பஞ்சு மாதிரி நூற்கணும்.

ஹீரோ யாருன்னா, மூகாதான்! சுவால்குச்சியில் நெசவு மட்டும்தான். புழுவைப் பார்க்கணும்னா லக்கிம்பூர் மாவட்டத்து டகுவாகானா மாதிரி கிராமங்களுக்குப் போங்க. இந்தப் புழுவுக்கு வீட்டுச் சாப்பாடு பிடிக்காது. சோம், சோவாலு மரங்களில் திறந்தவெளியிலேயே வளரும். பறவை கொத்தாமல் இருக்க, கவண் வில்லோடு மரத்தடியில் காவல் இருப்பாங்க. இலை தீர்ந்தால் 'அடுத்த பந்தி எங்கேப்பா?'ன்னு அடிமரத்துக்கு இறங்கி வந்துடும். மூங்கில் தட்டில் அள்ளி அடுத்த மரத்தில் ஏத்தி விடணும். அந்தத் தங்க நிறம் சாயம் இல்லீங்க, இயற்கை! 2007-ல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு.

இப்பதான் கதையில் ட்விஸ்ட். இதே மூகா புழுவை மெஜங்கரி மரத்தில் ஏத்தி விட்டால் தங்கம் வராது. பாலாடை நிறத்தில் பட்டு வரும்! புழு அதேதான், மாறினது இலை மட்டும்தான். அந்தக் காலத்தில் ராஜ குடும்பத்தினரும் பெரிய மனிதர்களும் உடுத்தின பட்டு இது. இன்னைக்குத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். காரணம், புழு இருக்கு. அந்த மரங்கள்தான் அருகிப் போச்சு.

சோம் மரத்துக்கும் இப்போ சோதனை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து காற்றில் வந்து இலையில் படிஞ்சா, தின்ற புழு செத்துப்போகும். மாசக்கணக்கில் கண் விழிச்ச குடும்பத்துக்கு அந்தப் பருவத்து வருமானம் அவ்வளவுதான். தேயிலைச் செடியும் ஒரு விவசாயியின் பிழைப்புதான் என்பதால், இது வில்லன் இல்லாத சோகம்!

போதாக்குறைக்கு, டஸ்ஸார் நூலுக்குச் சாயம் ஏத்தி மூகான்னு விற்கும் தில்லாலங்கடியும் நடக்குது. விலை ரொம்பக் கம்மின்னா உஷார்!

அக்டோபர், நவம்பர் மூகா அறுவடை சீசன். கிளம்பிட்டீங்கன்னா, கடையில் "என்ன விலை?"க்கு முன்னாடி "எந்த இலை?"ன்னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் டீயும் வரும், பட்டுக் கதையும் வரும்!