பெயரில்லாப் படங்களும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கும்

அட்டன் நகரை வந்தடையும் பிரயாணிகளிற் பெரும்பாலார் சிவனொளிபாத மலையை நோக்கிச் செல்பவர். மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரை அவர்தம் தொகை பெருகியிருக்கும். டிக்கோயாவைக் கடந்து நோர்வூட்டை அடைந்ததும் வீதி இரண்டாகப் பிரிகின்றது. யாத்திரிகர் மஸ்கெலியா வீதியிலே திரும்பிவிடுவர். மற்றைய வீதியாற் செல்வோர் தோட்டங்களில் வாழ்பவரும், வியாபாரிகளும், என்னைப் போன்ற ஆசிரியருமே. அவ்வீதி கெசல்கமு ஓயாவை அடுத்து மேலேறிப் பொகவந்தலாவையைச் சென்றடைகின்றது.

இப்பள்ளத்தாக்கை இலங்கைத் தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று புகழ்ந்துரைப்பது வழக்கம். கொழுந்தின் விலையை எண்ணி இட்ட பெயர் அது. சரித்திரத்தில் விருப்பமுடையோருக்கும், நிழற்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாளிற் புறப்படுவோருக்கும் இங்கே வேறொரு செல்வம் இருக்கின்றது. உலகப் புகழ் வாய்ந்த நிழற்படக் கலைஞர் ஒருவர் இந்த மண்ணிலேதான் துயில்கின்றார். அதனை அறிந்தோர் நம்மவருட் சிலரே.

வீதியும் ஆறும்

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். தை, மாசி, பங்குனி மாதங்களே இதற்கு உகந்தவை. வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சாரலை நனைத்துவிடும். குடையைப் பிடிப்பதா, கருவியைப் பிடிப்பதா என்று தெரியாது அல்லலுற நேரும். உலர்ந்த மாதங்களிலும் காலை நேரமே நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால், எதிரே நிற்கும் மலையுங்கூடக் காணாமற் போய்விடும்.

டிக்கோயாவைத் தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணிற் படும். கெசல்கமு ஓயாவை மறித்து ஆக்கப்பட்ட இத்தேக்கத்தின் நீர், 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்னிலையத்துக்குச் செல்கின்றது. கரையோரத்து மேட்டிலே 1878ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட வார்லி தேவாலயம் நிற்கின்றது. கருங்கற் சுவரும், சூழவுள்ள வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளும், கீழே விரிந்து கிடக்கும் நீரும் படம் பிடிப்போரை எளிதில் விடமாட்டா. ஆயினும் அங்கேயே பொழுதைப் போக்கிவிடாது மேலே செல்லல் வேண்டும். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் என்னும் சிறிய அங்கிலிக்கன் ஆலயம் உண்டு. அதன் வளவிலே ஒரு கணவனும் மனைவியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி யூலியா மார்கரெட் கமரன்.

கமரன் தம்பதியர்

கமரன் என்னும் பெயர் நமது மாணவர்க்குப் புதியதன்று. கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணாதவர் யார்? இராசகாரிய முறையை ஒழித்தும், தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தும், சட்டநிரூபண சபையை நிறுவியும் 1833ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்களில், நீதித் துறையைப் பற்றிய அறிக்கை கமரனுடையது. இந்நாட்டின் மீது அவர் கொண்ட பற்று அத்துடன் நின்றுவிடவில்லை. மலைநாட்டிலே பெருமளவு காணி வாங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் வைற் தீவிலே குடியிருந்த வீட்டுக்கும் திம்புள்ளைத் தோட்டத்தின் பெயரையே ‘டிம்போலா’ என்று சூட்டினர்.

மனைவியார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த நிழற்படக் கருவியே அவர் வாழ்க்கையை மாற்றியது. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயதிலே அவர் புதிய கலையொன்றைக் கற்கத் தொடங்கினார். கோழிக் கூட்டைப் படம்பிடிக்கும் அறையாகவும், நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாகவும் ஆக்கிக் கொண்டார். 1867இல் வானியல் அறிஞர் ஹேர்ஷெலையும், 1868இல் சார்ள்ஸ் டார்வினையும் படம் பிடித்தார். கவிஞர் தெனிசன் அயல் வீட்டுக்காரர், அவரும் தப்பவில்லை.

அக்காலத்திற் படமெடுத்தல் இலகுவான காரியமன்று. கண்ணாடித் தட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னே படத்தை எடுத்து, உலருமுன்னே கழுவியும் முடித்தல் வேண்டும். அவ்வளவு நேரமும் படத்துக்கு இருப்பவர் சில நிமிடங்கள் அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். அவர் எடுத்த முகங்கள் சற்றே மங்கலாயிருப்பதைக் குறையென்று பலர் எள்ளினர். அந்த மங்கலிலே உயிர் இருக்கின்றது என்று உலகம் பின்னர் ஒப்புக்கொண்டது. 1926ஆம் ஆண்டு அவர் படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டோருள் ஒருவர் வேர்ஜினியா வுல்ஃப். அம்மையாரின் சகோதரியின் பேர்த்தி. யாழ்ப்பாணக் கச்சேரியிற் கடமையாற்றிய லெனாட் வுல்ஃபின் மனைவியும் அவரே.

1875ஆம் ஆண்டு கமரன் தம்பதியர் இலங்கைக்கு வந்தனர். வரும்போது தமக்கென இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தனர் என்பர். புதல்வர் சிலர் இங்கேயே உத்தியோகத்திலும் தோட்டத் தொழிலிலும் இருந்தனர். களுத்துறையிலும் மலைநாட்டிலுமாகக் காலம் கழிந்தது. புகையிரதம் அப்போது நாவலப்பிட்டி வரையுமே வந்தது. அட்டனுக்கு வந்தது 1884இல். ஆகவே மலையேற மாட்டு வண்டியும் குதிரையுமே துணை. டிக்கோயாவை அடுத்த கிளென்கேண் தோட்டத்து பங்களாவில் 1879ஆம் ஆண்டு தை மாதம் 26ஆந் திகதி அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். நாம் பஸ்ஸிற் செல்லும் இவ்வழியே அவர்தம் இறுதி ஊர்வலங்களும் சென்றிருத்தல் வேண்டும்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு என்பர். தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் அவற்றில் இருக்கின்றனர். 1878ஆம் ஆண்டுப் படமொன்றில் களுத்துறைக் குடியானவர் மூவர் நிற்கின்றனர். அதன் குறிப்பிலே, சிறுமிக்கு வயது பன்னிரண்டென்றும், கிழவர் தாம் அவளுடைய தந்தையென்றும் தமக்கு வயது நூறென்றும் சொல்வதாகவும் காணப்படுகின்றது. வயது எழுதப்பட்டது, முறை எழுதப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை.

இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். டார்வினுக்குப் பெயருண்டு, தெனிசனுக்குப் பெயருண்டு. அம்மையார் ‘எனது முதல் வெற்றி’ என்று 1864இல் மகிழ்ந்து குறித்த படத்திலுள்ள அயலூர்ச் சிறுமிக்கும் பெயருண்டு. இங்குள்ள முகங்களையும் அவர் அதே அன்போடும் பொறுமையோடுமே நோக்கினார் என்பதற்கு அப்படங்களே சான்று. ஆனாற் பெரும்பாலானவற்றில் பெயரில்லை. அந்தச் சிறுமியின் சந்ததியார் இன்று நம்மிடையே இருப்பினும், இது எங்கள் பாட்டி என்று சொல்ல வழியில்லை.

அம்மையார் வந்த காலத்தில் இம்மலைகளிற் கோப்பியே கோலோச்சியது. எனினும் 1869ஆம் ஆண்டிலேயே இலைநோய் தலைகாட்டிவிட்டது. கோப்பி அழிந்து, இடையிலே சின்கோனா வந்து, ஈற்றிலே தேயிலை நிலைத்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே ஆள் மிகுதியாக வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பலர் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும், வாரந்தோறும், கொழுந்து பறிக்கப்படல் வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின, லயங்கள் எழுந்தன. தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வருகையில் நோயாலும் பசியாலும் மாண்டவர் எத்தனையோ பேர். அவர்க்குக் கல்லறை ஏது? தோட்டத்தில் மாண்டவரும் தேயிலைக்கு அருகே கல் நாட்டாது புதைக்கப்பட்டனர். தோட்டத்திலே அவர் பெயரை ஒழுங்காக எழுதி வைத்த ஏடு சம்பளத்துக்கான செக்றோல் ஒன்றே.

ஒப்பாரிக் கோச்சி

கடந்த மாசி மாதச் சனிக்கிழமையொன்றில் எமது கல்லூரி மாணவர் அறுவரை இங்கே அழைத்து வந்தேன். ஆலய வளவைக் கண்டபின், மாணவன் ஒருவனின் உறவினர் வாழும் லயத்துக்குச் சென்றோம். முன்பு கொழுந்தெடுத்து, இப்போது ஓய்ந்திருக்கும் மூதாட்டியார் ஒருவர் எமக்குப் பிளேன்ரீ தந்து, தகரப் பெட்டியொன்றிலிருந்து பழைய படமொன்றை எடுத்துக் காட்டினார்.

“இது எங்க பெரியண்ணன் சேர், இது மதினி. கைப்புள்ளையா இருக்கிறது மூத்தவன். இந்தியாவுக்குப் போறதுக்கு முந்துன மாசம் அட்டனுக்குப் போயிப் புடிச்சது. ஓரமா நிக்கிறது நாந்தான்.”

“அப்பா எங்கே, அம்மா?” என்றேன்.

“அப்பா வரல சேர். அன்னிக்குப் பெரட்டுக்குப் போயிட்டாரு. போகாட்டி ஒருநாள் பேரு போயிருமே. அவரு படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. தம்பியப் பாத்தா அப்பாவப் பாத்த மாதிரின்னு சொல்லுவாங்க.”

அந்தப் படத்தின் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் நிற்கின்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்துக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அட்டன் மேடையிலே உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத குரலே அப்பெயராயிற்று. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. அதற்கிடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. பிரிந்த குடும்பங்கள் பலவற்றில், பிரிவதற்கு முன் எடுத்த அந்த ஒரேயொரு படமே இருபுறத்தாரையும் இணைத்து நிற்கின்றது.

மூதாட்டியார் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லச் சொல்ல, மாணவர் எழுதிக்கொண்டனர். படத்தைப் புரட்டிப் பார்த்தோம். பின்புறத்தில் படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரை மட்டும் இருந்தது. இன்னும் பத்தாண்டு சென்றிருந்தால் அம்முகங்களும் களுத்துறைக் குடியானவரைப் போலவே ஆகியிருக்கும்.

நாம் செய்யக்கூடியது

இன்று பிரயாணிகள் வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்துகின்றனர், கூடை சுமந்து, படங்கு கட்டி நிற்கும் பெண்ணைப் படம் பிடிக்கின்றனர், போய்விடுகின்றனர். தேயிலைப் பெட்டியிலும் சுவரொட்டியிலும் அத்தகைய முகங்கள் உலகைச் சுற்றி வருகின்றன. கண்ணாடித் தட்டுப் போய்க் கைத்தொலைபேசி வந்துவிட்டது. பெயர் கேளாத வழக்கம் மட்டும் மாறவில்லை.

மாற்றுதல் கடினமன்று. அனுமதி கேட்டுப் படமெடுங்கள், பெயரைக் கேளுங்கள், ஒரு பிரதியை அவர்க்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் படங்களையும் மறவாதீர். முதியோர் இருக்கும்போதே அவரை அருகில் இருத்தி, யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு எனக் கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்புறத்தில் மையாலன்றி மெதுவான பென்சிலால் எழுதுதல் நன்று. மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். பழைய படத்தைக் கைத்தொலைபேசியாற் பிரதி எடுப்பதாயின் வெயிலிலன்றி, யன்னலோர நிழலில் வைத்து எடுங்கள். தொலைபேசியிலே கிடக்கும் படம் தொலைபேசியோடு போய்விடும். முக்கியமானவற்றை அச்சிட்டு, மலைநாட்டு ஈரம் அண்டாத இடத்தில் வையுங்கள்.

எமது மாணவர் அன்று மூதாட்டியாரையும் அவர் தம்பியாரையும் வாசலில் இருத்திப் படமெடுத்தனர். மறுவாரம் அதனை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தனர். பின்புறத்திலே இருவர் பெயரும், ஊரும், திகதியும் இருந்தன. அவற்றின் கீழே, மூதாட்டியார் கேட்டுக்கொண்டபடி, படத்தில் இல்லாத தந்தையாரின் பெயரும் எழுதப்பட்டிருந்தது.